உப்பு ஐஸில் வைத்த மருந்து

என் காலில் புண் இருப்பதை முதலில் காட்டிக் கொடுத்தது தொழுகைப் பாய். அஸர் தொழுதுவிட்டு நான் எழுந்ததும் பாயைச் சுருட்ட வந்த என் மனைவி கமர் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, பாயில என்ன இது? ரத்தம் மாதிரிக் கிடக்கு."

"வெத்திலச் சாறா இருக்கும்."

"இந்த வீட்டுல ஆர் வெத்தில போடுற?"

சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது கால் விரல்களை மடக்கி ஊன்றுகிறோமே, சரியாக அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து கறை. கமர் என்னைக் கதிரையில் உட்கார வைத்து வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தின் அடியில், இரண்டாம் விரலின் அடிவாரத்தில் ஒரு குழி. அதற்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அவள் நகத்தால் பிடித்து இழுத்தபோது வந்தது ஒரு கெளிற்று மீனின் முள், அரை விரல் நீளம். என் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறி, உள்ளே உடைந்து, எத்தனை நாள் அங்கே இருந்ததோ தெரியாது.

"வலிக்கல்லயா?" என்றாள்.

"இல்ல."

எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. அந்த 'இல்ல'தான் என் வியாதி என்று விளங்க மூன்று கிழமை எடுத்தது. இதை நான் எழுதுவதே அதற்காகத்தான். வலிக்கிற புண்ணுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். வலிக்காத புண்ணுக்குப் பயப்பட ஒருவர் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

நான் மீன் வியாபாரி. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்றிலிருந்து புத்தளம் களப்புக் கரையில் ஏலத்துக்கு மீன் எடுத்து, ஐஸ் போட்டு, லொறி ஏற்றுவதுதான் பிழைப்பு. மீனைப் பற்றியும் ஐஸைப் பற்றியும் எனக்குப் பாடம் எடுக்க இந்தக் கரையில் ஆளில்லை என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். வெளியிலும் சொல்லித் திரிந்தேன். சீனி வருத்தம், நீரிழிவு என்பார்களே, அது பத்து வருடமாக இருக்கிறது. மாத்திரை போட்ட நாளைவிட மறந்த நாள்தான் அதிகம்.

முள்ளை எடுத்துவிட்டால் புண் ஆறிவிடும் என்று மஞ்சள் வைத்தோம். அது ஆறவில்லை. பாமசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினோம். அதற்கும் மசியவில்லை. மூன்றாம் கிழமை கமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மணக்குது," என்றாள். மீன்காரன் வீட்டில் மணக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அது சின்ன விஷயமாக இருக்காது. அன்றே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கிளினிக்கில் மர வாங்குகள் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய காலிலும் கட்டு. அந்த வரிசையில் உட்கார்ந்தால் கண் தானாகவே மற்றவர்களின் விரல்களை எண்ணத் தொடங்கிவிடும். ஒருவருக்கு நாலு, இன்னொருவருக்கு இரண்டு. ஒரு அம்மாவுக்குக் கட்டு கணுக்காலோடு முடிந்துவிட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு சலவாத்து ஓதினேன்.

உள்ளே நர்ஸ் நிலூகா மிஸ் இருந்தார். சிங்களப் பிள்ளை, தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார், என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்பார். கையில் ஒரு பேனை மாதிரிக் குச்சி, அதன் நுனியில் ஒரு துண்டு நைலோன் நூல். எங்கள் வலைக்காரர்கள் தங்கூசி என்பார்களே, அதேதான்.

"நானா, கண் மூடுங்க. இது தொட்டா ஓம் சொல்லுங்க. சரியா?"

கண்ணை மூடினேன். முழுதாக மூடவில்லை. முப்பது வருடம் ஏலத்தில் நின்றவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளியின் தோளைப் பார்த்தே அவர் விலை கேட்கப் போகிறாரா விடப் போகிறாரா என்று சொல்லிவிடுவான். மிஸ்ஸின் தோள் அசையும்போதெல்லாம் "ஓம்" என்றேன். பத்துக்கு எட்டு. பரீட்சையில் பாஸாகிவிட்ட பள்ளிப் பிள்ளை மாதிரி எனக்குள்ளே ஒரு சந்தோஷம்.

டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புண்ணைப் பார்த்தார், பிறகு மிஸ் எழுதிய தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழமான புண். உணர்ச்சி எட்டு இடத்தில இருக்கெண்டு கிடக்கு. அப்ப நீங்கள் கத்திக்கொண்டெல்லோ வந்திருக்க வேணும்?"

ஒரு துவாயை எடுத்து என் கண்ணின் மேல் போட்டார். மறுபடி நூல். இம்முறை தோள் தெரியவில்லை. நான் இருட்டில் உத்தேசமாக "ஓம், ஓம்" என்றேன். துவாயை எடுத்தபோது டொக்டர் சிரிக்கவில்லை.

"நான் தொட்ட ஒரு இடத்திலயும் நீங்கள் சொல்லேல்ல. தொடாத நேரத்தில ரெண்டு தரம் ஓம் எண்டீங்கள்."

வார்ட்டில் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

முதல் நாலு நாளும் சோதனை. விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பது ஒரு பக்கம். காலின் இரத்த ஓட்டத்தைக் கேட்பதற்கு ஒரு சின்னக் கருவி. பாதத்தில் பசை பூசி அதை வைத்தால் நாடி ஓடும் சத்தம் வெளியே கேட்கும். இரத்தம் போகாத காலுக்கு எந்த மருந்தும் எடுபடாது, அதனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். என் காலில் 'வ்வுஷ், வ்வுஷ்' என்று கேட்டபோது டொக்டர் முதல் முறையாகத் தலையாட்டினார். "ஓட்டம் இருக்கு. அது உங்கட அதிர்ஷ்டம்."

பிறகு புண்ணைத் துப்புரவாக்கினார்கள். செத்த தோலையும் சதையையும் கத்தியால் சீவி எடுத்து, உயிருள்ள சிவப்புச் சதை வரும்வரை போவது. மரத்துப்போக ஊசி போடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கு அது தேவைப்படவில்லை. என் சதையை வெட்டுகிறார்கள், கத்தி நறநறவென்று போகும் சத்தம் கேட்கிறது, நான் அடுத்த கட்டிலில் யார் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. இந்தக் கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. இனி யாராவது வந்து சொன்னால்தான் எனக்கு என் கால் தெரியும்.

அடுத்த கட்டில்காரர் முன்னேஸ்வரத்து ஆள். செல்லத்துரை என்று பெயர், தோட்டம் செய்கிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிற வழக்கத்தில் என்னை 'நானா' என்பார். நான் 'அண்ணன்' என்பேன். எனக்கு வந்த மாதிரியே சீனிப் புண். அவருக்கு மண்வெட்டி பட்டு வந்தது. நான் போய் மூன்றாம் நாள் அவரை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். போகும்போது நெற்றி நிறைய விபூதி. திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தத் தட்டையான போர்வையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"நானா, ஒரு பகிடி சொல்லவா? இல்லாத கால் கடிக்குது. பெருவிரல் இடுக்குல. சொறிய ஒண்டுமில்ல, ஆனா கடிக்குது."

நான் அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"உங்களுக்குக் கால் இருக்கு, உணர்ச்சி இல்ல. எனக்குக் கால் இல்ல, உணர்ச்சி இருக்கு. ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு ஆள் தேறும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் என் கால் அங்கே இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.

இரண்டாம் கிழமை டொக்டர் புண்ணைக் கடதாசி அளவுகோலால் அளந்துவிட்டு ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். வளர்ச்சிக் காரணி என்று பெயர், மேலே பூசுகிற ஜெல். கமரும் பக்கத்தில் இருந்தாள். டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். உடம்பில் காயம் பட்டால் அந்த இடத்திலிருந்து ஒரு செய்தி போகுமாம், 'இஞ்ச உடைஞ்சு கிடக்கு, கட்ட வாங்க' என்று. அந்தச் செய்தியைக் கொண்டு போவது ஒரு வகைப் புரதம். அதைக் கேட்டுத்தான் புதுச் சதையும் புது இரத்தக் குழாயும் வளர வரும். சீனி வருத்தக்காரனின் நாள்பட்ட புண்ணில் அந்தச் செய்தி சரியாகப் போவதில்லை. புண் பாதியில் விட்ட வேலை மாதிரி அப்படியே கிடக்கும். அதனால் அந்தப் புரதத்தை வெளியே செய்து, ஜெல்லில் கலந்து, புண்ணிலேயே பூசுகிறார்கள். தீக்காயத்துக்கும் இந்த வகை மருந்துகளைச் சில இடங்களில் பாவிக்கிறார்கள் என்றார்.

"மந்திரம் இல்ல," என்றார் டொக்டர். "சீனி கட்டுப்பாட்டில இருக்க வேணும். கால் நிலத்தில ஊன்றப்படாது. புண்ணைத் துப்புரவா வைக்க வேணும். இதெல்லாம் செய்தால்தான் இது துணைக்கு நிக்கும்."

பூசும் முறையைக் கமருக்கு நிலூகா மிஸ் காட்டிக் கொடுத்தார். மெல்லிசாக ஒரு பூச்சு, நாணயக் கனத்துக்கு மேல் வேண்டாம். மேலே சேலைன் தண்ணீரில் நனைத்த துணி. பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துக் கழுவி, ஜெல் இல்லாமல் ஈரத்துணி மட்டும். அடுத்த நாள் மறுபடி.

விலையைக் கேட்டு நான் திரும்பக் கேட்டேன். காதில் விழுந்தது சரிதான். கமர் தன் கைக்காப்பைத் தடவிக்கொண்டே, "வாங்குங்க," என்றாள்.

வார்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் டவுன் பாமசிக்காரர் குளிர்ப்பையில் சுற்றி அதைத் தந்தார். "பிரிட்ஜ்ல வைங்க. மேல் தட்டு வேணாம், ஃப்ரீஸ் ஆகக் கூடாது." எனக்கு அதில் பாதிதான் மண்டையில் ஏறியது. குளிரில் வைக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும். அதைப் பற்றி எனக்கா சொல்கிறாய் தம்பி என்று மனதுக்குள் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே கரண்ட் போனது. இரண்டு மணித்தியாலம் வரவில்லை. கமர் பிரிட்ஜின் கதவில் வைத்திருந்த அந்தச் சின்ன டியூபை நான் எடுத்தேன்.

"என்ன செய்றீங்க?"

"கரண்ட் போனா பிரிட்ஜ் வெறும் அலுமாரி. என்ட பெட்டிய நம்பு."

என் ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை ரெஜிபோம் பெட்டி, தெர்மக்கோல் என்பார்களே அது, மூடி இறுக்கம். அதில் உடைத்த ஐஸோடு நம்ம ஊர்க் கல்லுப்பைக் கலப்பேன். வெறும் ஐஸைவிட உப்புக் கலந்த ஐஸ் இன்னும் குளிரும். கொழும்புக்குப் போகிற இறாலுக்கு நாங்கள் செய்கிற வேலை அது. மற்ற வியாபாரிகளின் இறால் சிலாபம் தாண்டும்போது தலை கறுத்துவிடும், என்னுடையது கொழும்பு போயும் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கைப்பக்குவத்தில் எனக்கு அவ்வளவு கர்வம். டியூபை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உப்பு ஐஸின் நடுவே புதைத்தேன். ஒரு ராஜாவைப் படுக்க வைத்த மாதிரி வைத்தேன்.

அடுத்த நாள் கமர் அதை எடுத்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கே," என்றாள்.

"கெடாம இருக்கு எண்டு அர்த்தம்."

அவள் அதைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து இளக்கிவிட்டுப் பூசினாள். கரண்ட் வந்த பிறகும் நான் பெட்டியை விடவில்லை, ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பெட்டியில் ஐஸ் கரையாமல் நான் பார்த்துக்கொண்டேன், டியூபை அவள் கையில் இளக்கினாள்.

வீட்டில் எல்லோரும் என்னை ஒரு முட்டை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். மச்சான், கமரின் தம்பி, பழைய மீன் பெட்டிப் பலகையில் கால் நீட்டி வைக்க ஒரு வாங்கு அடித்துத் தந்தான். கனமூலை ஊரில் கட்டிக் கொடுத்த மகள், சீனி கூடாதென்று பாகற்காயும் முருங்கைக்கீரையும் போட்டுத் தேங்காய்ப்பாலில் வெள்ளாணம் வைத்துப் பஸ்ஸில் அனுப்புவாள். நான் கதிரையில் இருந்தே தொழுதேன். நெற்றி நிலத்தில் படாத தொழுகை. ஏலம் நடக்கும் நேரத்தில் கரைப் பக்கமிருந்து சத்தம் கேட்கும். அப்போது மட்டும் எனக்குப் பொறுக்க ஏலாது. அந்த ஈரத் தரையில் இரண்டு காலிலும் நிற்க முடியாதவனுக்கு என்ன வியாபாரம்? மன்னாரிலிருந்து வெளிக்கிட்ட நாளில் வாப்பாவின் கையில் காசு இருக்கவில்லை, எங்களிடம் இருந்தது கால்கள்தான். அந்தக் கால் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

நாலு கிழமை போனது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் கடதாசி அளவுகோலை வைத்தார். முதல் கிழமை எந்த அளவோ அதே அளவு. இரண்டாம் கிழமையும் அதேதான். மூன்றாம் கிழமை ஒரு நூல் அளவு கூடியிருந்தது. நாலாம் கிழமை நிலூகா மிஸ் நாங்கள் கொண்டு போன டியூபை வாங்கி அமத்திப் பார்த்தார். முதலில் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. பிறகுதான் ஜெல் வந்தது, திரைந்த பால் மாதிரி.

"இது என்ன நானா, இப்பிடித் தண்ணி? பிரிட்ஜ்லதானே வச்சது?"

"ஓம்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி முடிய முன்னமே வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தத் தண்ணீர்ச் சொட்டைக் கண்டதும் எனக்கு உள்ளே ஏதோ விளங்கிவிட்டது, அதை மறைக்க நாக்கு முந்திக்கொண்டது. கமர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்தாள். மிஸ் அவளைப் பார்த்து, "அக்கா நல்லாக் கழுவிட்டுப் பூசுறதா? கை சுத்தமா?" என்று கேட்டார். என் பொய்க்கு அவள் பதில் சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது. "ஓம் மிஸ்," என்றாள்.

டொக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டாம் விரலின் எலும்பில் கிருமி ஏறியிருந்தது.

"மருந்து நாலு கிழமை ஒழுங்காப் போட்டும் புண் ஒரு அடி நகரேல்ல. இனிக் காத்திருக்கேலாது. முன்பாதத்தை எடுத்தால்தான் மேல பரவாது. விரல் மட்டும் எடுத்தால் அந்தக் காயமும் இப்பிடியே ஆறாமல் கிடக்கும். வாற கிழமை வந்து படுங்கோ."

முன்பாதம் என்றால் ஐந்து விரலும் அதற்குப் பின்னால் பாதிப் பாதமும். மிஸ் ஒரு படத்தில் பேனையால் கோடு போட்டுக் காட்டினார்.

ஆட்டோவில் வரும்போது கமர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பளத்து வெள்ளை மேடுகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸையும் உப்பையும் முற்றத்தில் கொட்டினாள்.

"நான் சொன்னன், கல்லு மாதிரி இருக்கெண்டு. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் முற்றத்தில் கரைகிற ஐஸைப் பார்த்தேன்.

"இன்னொருத்தன் உறைஞ்சு இளகின இறாலக் கொண்டு வந்தா விரலால அமத்திட்டுத் தண்ணி வருது எண்டு திருப்பி அனுப்புவீங்க. உங்கட மருந்துல தண்ணி வந்ததக் கண்டும் ஓம் எண்டுட்டு வந்தீங்க."

அவள் சொன்னது அப்படியே உண்மை. ஒரு தரம் உறைந்து இளகிய மீனை நான் தொட்டாலே கண்டுபிடிப்பேன். பார்வைக்கு நல்லாகவே இருக்கும், அமத்தினால் தண்ணீர் விடும், சதையில் பிடிப்பு இருக்காது. அதை நான் ஏலத்தில் எத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டிக் கேலி செய்திருப்பேன். அதே சாட்சி என் கண் முன்னால் சொட்டியபோது நான் பொய் சொன்னேன். அந்தக் கரையில் ஐஸுக்கென்று பெயர் எடுத்தவன் தன் மருந்தை ஐஸிலேயே கொன்றான் என்று வெளியில் வருவதைவிடக் காலை வெட்டிக் கொடுப்பது எனக்கு லேசாகப் பட்டது. இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் நான் அப்படித்தான் இருந்தேன்.

"டொக்டரிட்டச் சொல்லுங்க," என்றாள் கமர். "நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். ஆனா நீங்களே சொல்லணும்."

"சொன்னா மட்டும் என்ன, எலும்புல ஏறிட்டுதே."

"அத டொக்டர் சொல்லட்டும்."

வார்ட்டில் படுத்தேன். அதே ஜன்னல், அதே கட்டில்கள். செல்லத்துரை அண்ணனின் கட்டிலில் வேறு யாரோ. அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். இரவு தூக்கம் வரவில்லை. என் வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி விரல்களை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன்.

காலையில் சம்மதப் பத்திரம் வந்தது. டொக்டரே கொண்டு வந்து வாசித்துக் காட்டினார். 'புண்ணுக்கு எல்லாச் சிகிச்சையும் செய்து பார்த்தும் குணமாகாததால்' என்ற மாதிரி அதில் ஒரு வசனம் இருந்தது. பேனையைத் தந்தார். கமர் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

என் கை எழுத்துப் போடப் போனது. அப்போது எனக்கு அந்த இல்லாத கால் கடிக்கிற கதை ஞாபகம் வந்தது. எனக்கு அந்தக் கடியாவது மிஞ்சுமா? உணர்ச்சியே இல்லாத காலை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. எனக்கு வீரமெல்லாம் வரவில்லை. வந்தது பயம், அவமானத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்ட பயம்.

"டொக்டர், எல்லாச் சிகிச்சையும் செய்யல்ல," என்றேன்.

"என்ன?"

"மருந்தப் பிரிட்ஜ்ல வைக்கல்ல. ஐஸ் பெட்டியில வச்சன். உப்புப் போட்டு. முதல் நாளே உறைஞ்சிட்டுது. மிஸ் கேட்டப்ப நான் பொய் சொன்னன். என்ட பொஞ்சாதி மேல பிழை இல்ல, அவ முதல் நாளே சொன்னா."

டொக்டர் பேனையை என் கையிலிருந்து எடுத்தார்.

"உப்பும் போட்டனீங்களோ?"

"ஓம்."

அந்த ஓம் உண்மை. டொக்டருக்கு வந்த கோபத்தை நான் முழுவதும் எழுத மாட்டேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது. புரதம் உறைந்தால் அதன் உருவம் குலைந்துவிடும், செய்தி கொண்டு போகிற ஆளின் நாக்கை அறுத்துவிட்டு அனுப்பின மாதிரித்தான் அது, நாலு கிழமையாகப் புண்ணில் வெறும் பசைதான் பூசியிருக்கிறீர்கள் என்றார். ஏசி முடித்துவிட்டு வெளியே போய்ப் பெரிய டொக்டரோடு போனில் பேசினார். அந்தக் கால் மணித்தியாலம்தான் இந்த முழுக் கதையிலும் நீளமானது. கமர் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் கண்டேன். எனக்கு அவள் கை தெரியவில்லை.

திரும்பி வந்த டொக்டர் பழைய பத்திரத்தைக் கிழித்தார்.

"எலும்பில ஏறினது ஏறினதுதான். ரெண்டாம் விரல் போக வேணும். மற்றதை இப்ப வெட்டமாட்டம். கிருமிக்கு மருந்து ஏத்தி, புண் துப்புரவானாப் பிறகு ஜெல்லை முதல்ல இருந்து தொடங்குவம். நாலு கிழமை பாப்பம். அதுக்கும் ஆறாட்டி நான் திரும்பவும் இதே பேனையோட வருவன்."

ஒரு விரல் போனது. அதற்காக நான் அழவில்லை. இரண்டாவது டியூபுக்குக் கமரின் காப்பில் ஒன்று போனது. அதற்கு அழுதேன்.

இம்முறை மருந்து அவள் கையில். பிரிட்ஜின் நடுத்தட்டில், மீன் எதுவும் வைக்காத மூலையில், ஒரு வெப்பமானிக் குச்சியோடு. கரண்ட் போனால் அதைக் குளிர்ப்பையில் போட்டு, மூலை வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் மாமியிடம் கொண்டு போவாள். நான் சமையலறைப் பக்கம் திரும்பினாலே, "அங்க போகாதீங்க," என்பாள். பத்தாம் நாள் புண்ணின் அடியில் சிவப்பாக மணி மணியாக ஏதோ தெரிந்தது. அழுகுகிறதென்று நான் பதறினேன். நிலூகா மிஸ் பார்த்துவிட்டுக் கை தட்டினார். "புதுச் சதை நானா! வருது!" கடதாசி அளவுகோலில் ஒவ்வொரு கிழமையும் ஒரு கோடு குறைந்தது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல், வெங்காயத் தோல் மாதிரி, உள்ளுக்கு வந்தது. முழுதாக மூட நாலு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. ஜெல் மட்டும் செய்த வேலை இல்லை அது என்று டொக்டர் சொன்னார். துப்புரவும், சீனியும், ஊன்றாமல் வைத்ததும், எல்லாம் சேர்ந்துதான்.

இப்போது நான் கரைக்குப் போகிறேன், மூடின சப்பாத்தோடு. என்னை ஐஸ்காரன் என்று கேலி செய்கிறார்கள். கதை எப்படியோ பரவிவிட்டது. பரவட்டும். சீனி உள்ள ஆட்களை நானே கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பயம் போகவில்லை. ஒரு தரம் ஆறின இடம் திரும்ப உடையலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உடைந்தால் எனக்குத் தெரியாது.

அதனால் ஒவ்வொரு நாளும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்து காலை மச்சான் அடித்த வாங்கில் வைப்பேன். கமர் விளக்கைக் கிட்டப் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் ஒரு துண்டுத் தங்கூசியை எடுப்பாள். என் முகத்தில் துவாயைப் போடுவது நானேதான்.

நேற்றும் அப்படித்தான்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

துவாயின் கீழே நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

"இப்ப?"

நான் நல்லாக யோசித்தேன். காலைத் தேடினேன். அந்த இருட்டில் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

"இல்ல, கமரு."

"சரி," என்றாள். "இப்ப கேட்டப்ப நான் தொடல்ல."